வெயாங்கொடையில் ஏறச் சொன்னவன்

எங்கள் ரயில்வே ஓய்வூதியர் சங்கம் சிறப்பு மலர் போடுகிறது. போன மலரில் பாதி வாழ்த்துச் செய்தி, மீதி நகைக்கடை விளம்பரம். இந்த முறை நடுவில் கொஞ்சம் எழுத்தும் இருந்தால் என்ன என்று செயலாளருக்குத் தோன்றிவிட்டது. அவர் ஓய்வுபெற்ற கார்ட். வாழ்நாள் முழுக்கக் கொடி காட்டிய கை சும்மா இருக்குமா, இப்போது ஆளுக்கொரு தலைப்பைக் காட்டுகிறது. எனக்குக் காட்டிய தலைப்பு: 'விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குச் சிறந்த ரயிலைத் தெரிவு செய்வது எப்படி?'

"எந்த நகரம்?" என்று கேட்டேன்.

"அதையும் நீங்களே தெரிவு செஞ்சிருங்க" என்றார்.

இதற்கொரு காரணமும் வைத்திருந்தார். நான் உட்கார்ந்திருந்த விசாரணை ஜன்னலில் இனி ஆள் இருக்கத் தேவையில்லையாம். ஒரு திரையைப் பொருத்தப் போகிறார்களாம். விரலால் தொட்டால் எது சிறந்த ரயில் என்று அதுவே மூன்று மொழியிலும் சொல்லுமாம். நல்ல விஷயம். நானும் மூன்று மொழியில்தான் சொன்னேன். என்னை யாரும் தொட்டுக் கேட்கவில்லை, அதட்டித்தான் கேட்டார்கள். திரையை அதட்டினால் என்ன செய்யும் என்று பார்க்க ஒரு நாள் போய் வரவேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார். விரிக்க ஒன்றுமில்லை. பண்டாரவளைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில், பிறந்தேன். பரீட்சை எழுதினேன். ரயில்வேயில் வேலை கிடைத்த செய்தி வந்த அன்று, நானே இன்ஜின் ஓட்டப் போவதாக நினைத்துக்கொண்டு தோட்டமே வந்து பார்த்துவிட்டுப் போனது. கொழும்புப் பக்கம் கொண்டுபோய் டிக்கெட் கிழிக்கவும், சிங்களத்தில் திட்டு வாங்கவும், வாங்கிய திட்டைச் சிரித்த முகத்தோடு பயணிகளுக்குத் திருப்பிக் கொடுக்கவும் பழக்கினார்கள். பிறகு சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் கொஞ்சம் மழையில் நனையவிட்டு, பதுளை விசாரணை ஜன்னலில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். பயிற்சி முடிந்தது.

பதுளை கடைசி ஸ்டேஷன். அதற்கப்பால் தண்டவாளம் கிடையாது. விமான நிலையமோ நாட்டின் மறு ஓரத்தில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் என் ஜன்னலுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கேட்டது விமான நிலையத்து ரயிலைப் பற்றித்தான். ஏனென்றால் எங்கள் மாகாணத்தில் வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருந்தார்கள், இல்லாவிட்டால் போய்க்கொண்டிருந்தார்கள், அதுவும் இல்லாவிட்டால் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர்களும் கேட்பார்கள். அவர்களுக்குச் சிறந்த ரயில் என்பது கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்க இடம் இருக்கிற ரயில். விழுந்தால் எந்தப் பக்கம் விழலாம் என்றுதான் யாரும் கேட்டதில்லை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதை இருக்கிறது. பாதை இருக்கிறது என்றுதான் சொன்னேன். அதில் வண்டி வரும்போது உங்கள் விமானமும் வந்தால், உங்கள் ஜாதகத்தை ஒரு தரம் நல்ல சோதிடரிடம் காட்டுங்கள், வேறு யோகங்களும் இருக்கக்கூடும்.

சரி, எங்கள் நிலைய அதிபரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சிவஞானம் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். நாலு பக்கமும் தேயிலை மலை. நடுவில் இந்த மனிதர் மட்டும் ஊரிலிருந்து கொண்டுவந்த மல்லிக்கோப்பித் தூளை வெந்நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "உங்கட தேத்தண்ணி வயித்துக்குக் கூடாது ஐசே" என்பார், ஆளைக் கூப்பிட அவருக்கு அந்த ஒரு சொல்தான். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. நடந்து வருகிற சத்தமும் கேட்காது. முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டால் அவர் வந்து வெகுநேரம் ஆயிற்று என்று அர்த்தம்.

அவர் என் ஜன்னலுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். தகவல் சொல்லலாம், அபிப்பிராயம் சொல்லக்கூடாது. யாராவது வந்து "எந்த ரயில் நல்லது?" என்று கேட்டால் முதலில் எந்த நாள் என்று கேட்க வேண்டும். பிறகு அன்றைக்கு ஓடுகிற வண்டிகளை முதல் வண்டியிலிருந்து கடைசி வண்டி வரை, புறப்படும் நேரம், சேரும் நேரம், வகுப்பு எல்லாம் சேர்த்து ஒப்பிக்க வேண்டும். முடிவில், "இவை யாவும் மாற்றத்துக்கு உட்பட்டவை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்டவர் ஒன்றைத் தெரிவு செய்வார். அது பிழைத்தால் பிழை அவருடையது.

எனக்கு முன்னால் அந்த ஜன்னலில் இருந்தவர் வாய் சும்மா இருக்காத மனிதர். ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம், "ராத்திரி வண்டியில போங்க, அதுதான் சொகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அன்று பார்த்துப் பாதையில் மரம் விழுந்தது. மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் வாழைமரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்களாம். பெண்ணின் தகப்பனார் எழுதிய முறைப்பாட்டுக்குப் பதில் எழுதியே சிவஞானம் சேருக்குக் கண்ணாடி போடவேண்டி வந்தது.

"மரம் விழுந்தது அவரின்ர பிழை இல்லை ஐசே" என்று எனக்கு விளக்கினார். "சொகமா இருக்கும் எண்டு சொன்னதுதான் பிழை. நீர் ஒரு நாளும் நல்லது எண்ட சொல்லை வாயில எடுக்கக்கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. வருஷக்கணக்காக நல்லது என்ற சொல்லை வாயில் எடுக்காமலே இருந்தேன். வீட்டில்கூட, குழம்பு நல்லா இருக்கா என்று மனைவி கேட்டால் பதில் வராது.

பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த ஹனீபா நானா ஒரு முறை மக்காவுக்கு உம்ரா போகுமுன் வந்து கேட்டார், திரும்பி வரும்போது எயார்போட்டில் இறங்கி எந்த ரயிலைப் பிடிப்பது நல்லதென்று. நான் ஒப்பிக்கத் தொடங்கினேன். பாதியிலே கையைக் காட்டினார்.

"நீங்க சொல்லி முடியிறதுக்குள்ள நான் வந்த பிளேன் திரும்பிப் போயிரும் மகன். நான் வேன்லயே வாறன்."

வேனுக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு விமான நிலையம் என்றால் வேன்தான். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் வேன் பேசுவார்கள். அழைத்துவர ஒருவர் போனால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நீங்கள் தோட்டத்தில் பிறக்கவில்லை. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பெரியப்பா, மாமன், மாமன் பெற்றதுகள், பக்கத்துக் காம்பராக்காரர், வழி தெரியும் என்று சொல்லி ஏறிக்கொள்கிற ஒருவர், வழியில் வாந்தியெடுக்கிற இருவர், இத்தனை பேரும் போனால்தான் வருகிறவருக்கு மரியாதை. போகும்போது நிறைந்துபோகிற வேனில், திரும்பும்போது வந்தவரும் அவர் கொண்டுவந்த பெட்டியும் எப்படி ஏறும் என்ற கேள்வியை அங்கே போய்த்தான் யோசிப்பார்கள். அந்தப் பெட்டி கயிறு போட்டுக் கட்டிய பெரிய அட்டைப் பெட்டி. பால்மா, சோப்பு, போர்வை, எல்லார் பெயரும் அதற்குள் இருக்கும். ஆளை ஒரு கண்ணாலும் பெட்டியை ஒரு கண்ணாலும் பார்த்துத்தான் அழுவார்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம்.

ஒரு புதன்கிழமை, கூட்டமில்லாத நேரம். பசறைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து சந்திரன் என்று ஒருவன் ஜன்னலுக்கு வந்தான். முப்பது வயது இருக்கும். சவரம் செய்யாத முகம்.

"அண்ணே, ஏர்போர்ட்லருந்து டவுனுக்கு வர எந்த ரயிலு நல்லதுங்க?"

"எந்த நாள்?" என்றேன்.

"வெள்ளிக்கெழமங்க."

முதல் வண்டியிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது வண்டிக்கு வந்தபோது அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாம் வேணாங்கண்ணே. எங்கப்பா செத்துப்போச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

விஷயம் இதுதான். அப்பா ராமையா, தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின கை. நெஞ்சுவலி என்று பதுளைக்குக் கொண்டுவந்தார்கள், ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. அவருக்கு ஒரே மகள், இவன் தங்கை, யோகேஸ்வரி. யோகா என்பார்கள். குவைத்தில் வீட்டு வேலை. போய் ஏழெட்டு வருஷம், நடுவில் ஒரு தரம்கூட வரவில்லை. மேடத்தின் காலில் விழுந்து லீவு வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை விடிய விமானம் வந்து இறங்குகிறது.

"அன்னைக்கு சாய்ங்காலத்துக்குள்ள எடுத்தாகணுங்க. சனிக்கெழமைக்கு விட்டா லயத்துல ஒத்துக்க மாட்டாங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் வைக்கக் கையில காசு இல்ல. ஒடம்ப டவுன்ல மலர்ச்சாலையிலதான் வச்சிருக்கோம். அது வந்து மொகத்தப் பாத்ததும் தோட்டத்துக்குக் கொண்டுபோயி அப்படியே எடுத்திருவோம். நேரத்துக்கு வரலேன்னா பாக்காமதாங்க எடுக்கணும்."

சனிக்கிழமை பிணம் எடுத்தால் அது துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வேறு வழியே இல்லாமல் எடுத்தால் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள், துணைக்கு அது போதும் என்று. இதைப் பற்றி எனக்கும் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அபிப்பிராயம் சொல்லக்கூடாது என்பதுதான் சட்டமாயிற்றே.

முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டது. போச்சு என்று நினைத்தேன். சிவஞானம் சேர் சந்திரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐசே, நான் கோப்பி குடிக்கப் போறன்" என்றார். "குடிச்சு முடியுமட்டும் எனக்கு ஒண்டும் கேளாது."

போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு சாத்தி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சாத்த முடியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு என்று கேட்டால் எல்லாரும் கொழும்புக் கோட்டைக்குத்தான் போவார்கள். அங்கே போனால் காலையில் புறப்படுகிற பதுளை வண்டி போயிருக்கும். அதை விட்டால் அடுத்தது இங்கே வந்து சேர இருட்டிவிடும். ஆனால் அந்தக் காலை வண்டி கோட்டையிலிருந்து கிளம்பி, ராகமை, கம்பஹா என்று சுற்றிக்கொண்டு வெயாங்கொடைக்கு வர நேரம் எடுக்கும். விமான நிலையத்திலிருந்து மினுவாங்கொடை வழியாகக் குறுக்கே போனால் வெயாங்கொடை கிட்டத்தான், வண்டிக்கு முன்னால் போய்விடலாம். நகரத்துக்கே போகாமல் இருந்தால்தான் ரயில் கிடைக்கும். செயலாளர் ஐயா, நீங்கள் தந்த தலைப்புக்குப் பதில் இதுதான். இத்தோடு கட்டுரையை நிறுத்தினாலும் எனக்குச் சம்மதம்.

சந்திரன் அங்கேயே தங்கைக்குப் போன் போட்டு, கம்பி வழியாக என் கையில் கொடுத்தான். அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஒரு குரல். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம். அப்பன் செத்த அன்றும் பாத்திரம் கழுவத்தான் வேண்டியிருக்கிறது.

"தங்கச்சி, கொழும்புக்குப் போகாத. வெளிய வந்ததும் ஒரு த்ரீவீலப் புடிச்சு வெயாங்கொட ஸ்டேஷனுக்குப் போ. பதுள வண்டி அங்க நிக்கும். ஏறிக்க."

"வெயாங்கொட" என்று சொல்லிப் பார்த்தாள். திரும்பவும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"இன்னொண்ணு. பெட்டி கட்டாத. பெட்டிக்காக நின்னா வண்டி போயிரும். கைப்பையோட வா."

"ஒண்ணுமே கொண்டுவரலேன்னா எல்லாரும்…" என்று இழுத்தாள். பிறகு அவளே, "சரிங்கண்ணே" என்றாள். பாத்திரச் சத்தம் நின்றது. "அண்ணே, அப்பா மொகத்தப் பாப்பனாங்க?"

யாவும் மாற்றத்துக்கு உட்பட்டவை. அந்த நேரத்தில் அது என் வாயில் வரவில்லை.

"பாப்ப" என்றேன். "நான் சொன்ன மாதிரி வா."

சொல்லிவிட்டேனே தவிர, வியாழக்கிழமை முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாதையைப் பற்றி எனக்குத் தெரியாதா. மழை பெய்தால் மண் சரியும். வெயில் அடித்தால் தண்டவாளம் நெளியும். இரண்டும் இல்லாவிட்டால் இன்ஜினுக்கு ஏதாவது வரும். இவ்வளவும் தெரிந்தவன் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வண்டி மலையேறும் நேரம் பார்த்து நானுஓயாவுக்குப் போன் போட்டேன். வந்துவிட்டது என்றார்கள். பட்டிப்பொலவுக்குப் போட்டேன். பாதையில் மண் விழுந்திருக்கிறது, அள்ளுகிறார்கள், வண்டி நிற்கிறது என்றார்கள். எவ்வளவு மண் என்று கேட்டேன். கொஞ்சம் மண் என்றார்கள். ரயில்வேயில் கொஞ்சம் மண் என்றால் அது ஒரு கோப்பை மண்ணாகவும் இருக்கலாம், ஒரு மலையாகவும் இருக்கலாம்.

செருமல் கேட்டது.

"அந்த வண்டி எங்கயாம் நிக்குது?" சிவஞானம் சேர் ஏதோ வானிலை விசாரிக்கிறவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பட்டிப்பொலயில சேர். மண் விழுந்திருக்காம்."

ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார். அடுத்த முனையில் இருந்தவரிடம் சிங்களத்தில் பேசினார். அந்த மனிதர் சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் சத்தம்போடவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக்காரர் நாலைந்து தரம் "ஹரி சேர்", அதாவது சரி சேர், என்றது எனக்கே கேட்டது. வைத்துவிட்டு, "நேர ஒழுங்கைப் பற்றி விசாரிச்சனான்" என்றார். அப்படியா என்று நானும் தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் அவரே போன் போட்டார். நேர ஒழுங்கைப் பற்றித்தான்.

வண்டி பின்னேரம் வந்து சேர்ந்தது. தாமதம்தான், ஆனால் வெயில் இன்னும் இருந்தது. பிணம் வைத்திருக்கிற மலர்ச்சாலை பக்கத்திலேயே. உடனே ஆளை ஏற்றிக்கொண்டு பசறைக்குப் போனால் இருட்டுக்கு முன்னால் எல்லாம் முடிக்கலாம். பெருமூச்சு விட்டுக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன், அண்ணன்காரன் எங்கே நிற்கிறான் என்று பார்க்க. அவனைக் காணவில்லை. உறவுக்காரர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. இறங்கியவர்கள் எல்லாரும் போன பிறகு, கசங்கின சுடிதாரோடு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"வெயாங்கொட அண்ணே நீங்கதானுங்களா?"

"நான்தான். ஒன்னக் கூட்டிப் போக யாரும் வரலயா?"

அவளிடம் இந்த நாட்டு சிம் இல்லை. என் போனில் சந்திரனின் நம்பரைப் போட்டாள். நான் பேசினேன்.

"எங்க இருக்கீங்க தம்பி?"

"ஏர்போர்ட்லதாங்க நிக்கிறோம்" என்றான். "தங்கச்சி இன்னும் வெளிய வரலீங்க."

பேசினால் கெட்ட வார்த்தைதான் வரும் போலிருந்தது. அவனே சொன்னான். வீட்டுக்குப் போய் ரயில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அவர்கள் வீட்டில் மூத்தவர் பெரியப்பா, ஒரு காலத்தில் கங்காணியாக இருந்தவர். இப்போது அதிகாரம் செய்ய ஆள் கிடைக்காமல் இருந்தவருக்கு இது வாய்ப்பாகிவிட்டது. அப்பன் சாவுக்கு வருகிற பிள்ளையை வேன் அனுப்பி அழைக்காவிட்டால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள், பெட்டி எப்படி ரயிலில் வரும் என்றாராம். வியாழன் ராத்திரி வேன் பேசி முடித்து யோகாவிடம் சொல்லலாம் என்றால் அதற்குள் அவள் விமானத்தில் ஏறிவிட்டாள், போன் போகவில்லை.

"பொட்டப்புள்ள தனியா வெயாங்கொடைக்கெல்லாம் போவாது, வாசல்லதான் நிக்கும்னுட்டாருங்க. பெரியப்பா சொன்னா தட்ட முடியுமாங்க?"

"காலையிலருந்து நிக்கிறீங்களா?"

"வேன் வழியில சூடாகி நின்னுருச்சுங்க. வந்து சேரவே நேரமாயிருச்சு. பெரியப்பா சொல்றாரு, பெட்டியப் பிரிச்சுச் செக் பண்ணுவாங்க, அதான் லேட்டுன்னு."

இல்லாத பெட்டியைச் சுங்கக்காரர்கள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி, பாடை தூக்க வேண்டிய ஆண்பிள்ளைகளும் கொள்ளிச்சட்டி தூக்க வேண்டிய மகனும் ஒரு வேன் நிறைய விமான நிலையத்து வாசலில் நிற்கிறார்கள். பெண்கள் பசறைக்கு மேலே லயத்தில் காத்திருக்கிறார்கள். சாக வேண்டியவர் செத்துவிட்டார், வர வேண்டியவள் வந்துவிட்டாள், எடுக்க வேண்டியவர்களைத்தான் காணவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து இரண்டையும் விழுங்கினேன்.

"தங்கச்சி இங்க பதுளையில நிக்கிது. வாங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சிவஞானம் சேர் வந்து பக்கத்தில் நின்றிருந்தார். செருமவில்லை.

"நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம் ஐசே. ஜன்னலை நான் பாக்கிறன்" என்றார்.

மலர்ச்சாலைக்காரர் சிங்களவர், வயதானவர். எங்களைப் பார்த்ததும், "குடும்பத்தார் எங்கே?" என்று கேட்டார். வருகிறார்கள் என்றேன். எப்போது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே ஒரு சின்ன மண்டபம். பெட்டிக்குள் ராமையா வெள்ளைச் சட்டையோடு படுத்திருந்தார். அந்தச் சட்டை அவருடையது மாதிரித் தெரியவில்லை. சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிவைத்திருந்தார்கள். யோகா தலைமாட்டில் போய் நின்றாள். மாரில் அடித்துக்கொண்டு விழப்போகிறாள் என்று நான் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவள் அழவில்லை. அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய், தலைமாட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் இருந்துக்கிறேன். நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றாள்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தேன். என் ஜன்னலில் சிவஞானம் சேர் உட்கார்ந்திருந்தார். வெளியே யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர், மறுநாள் கொழும்புக்குப் போகிறவர் போல.

"ஹப்புத்தளை மட்டும் இடப்பக்கம் இருங்கோ பிள்ளை, வடிவாத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் எங்கள் நிலைய அதிபர். "காலமை வண்டியில போங்கோ. அதுதான் நல்லது."

என்னைக் கண்டதும் செருமினார். நான் எதுவும் கேட்காதவன் மாதிரி நின்றுகொண்டேன்.

வேன் வந்து சேர்ந்தபோது ஊர் அடங்கிவிட்டதாம். வேறு வழியில்லாமல் சனிக்கிழமைதான் எடுத்தார்கள், கோழியும் கட்டித்தான் எடுத்தார்கள். அடுத்த வாரம் பெரியப்பா நாலு பேரோடு என் ஜன்னலுக்கு வந்தார். வேட்டி, கோட்டு, கையில் குடை, எல்லாம் பழைய கங்காணி உடுப்பு.

"ஒங்க பேச்சக் கேட்டுத்தான்யா இம்புட்டும் ஆச்சு. அந்தப் புள்ள வாசல்லயே நின்னுருந்தா நாங்க கூட்டிக்கிட்டு வந்துருக்க மாட்டமா?"

"வேன் நின்னு போச்சுன்னு சொன்னாங்களே ஐயா. நீங்க போனதே லேட்டுதானே" என்றேன்.

"லேட்டானா என்ன, அது நின்னுருக்கும். சனிக்கெழமையா ஆயிருக்காது. பெட்டி வரலேன்னாலும் போவுது." பெட்டி போகவில்லை என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. "அந்தப் புள்ளைய ஒத்தையில பொணத்துக்கிட்ட ஒக்கார வச்சுட்டீங்களே, நாலு பொம்பளைங்க சேந்து ஒப்பாரி வைக்காம, கட்டிப்புடிச்சு அழுக ஒரு ஆளு இல்லாம. அனாதப் பொணம் மாதிரி."

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. முகத்தைப் பார்ப்பாய் என்றுதான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அனாதை மாதிரி உட்கார்ந்து பார்ப்பாய் என்று சொல்லவில்லை. கோழி விஷயத்துக்கு நான் சிரிப்பேன். இதற்குச் சிரிப்பு வரவில்லை.

லீவு முடிந்து யோகா திரும்பிப் போகிற நாளில் ஜன்னலுக்கு வந்தாள். பின்னால் கொஞ்சம் தள்ளி அண்ணன் நின்றான். வேன் பேசவில்லையா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம். எந்த வண்டி என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆனாலும் போகாமல் நின்றாள். நானாகக் கேட்டுவிட்டேன்.

"தங்கச்சி, அன்னைக்கு ஒன்னத் தனியா விட்டுட்டு வந்துட்டேன். கோவமா?"

"இல்லீங்கண்ணே" என்றாள். திரும்பி அண்ணன் தூரத்தில்தான் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டாள். "எங்க லயக் காம்பராவுல நாங்க எட்டுப் பேருங்க. கல்யாணம் பேசுனதும் எல்லாரு முன்னாலயுந்தான், நான் குவைத்துக்குப் போறேன்னு சொன்னதும் எல்லாரு முன்னாலயுந்தான். அங்கருந்து போன் எடுத்தா ஸ்பீக்கர்ல போட்டுருவாங்க. பொறந்ததுலருந்து அப்பாகிட்ட தனியா ஒரு பேச்சு பேசுனதில்லீங்க. அன்னைக்கு மொதல்ல என்ன பேசுறதுன்னே தெரியல. சும்மா ஒக்காந்துருந்தேன். பெறகு பேசுனேன். அங்க என்ன நடந்துச்சு, ஏன் வராம இருந்தேன், எல்லாம் சொன்னேன்."

கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நடுவுல ரோட்டுல ஏதாச்சும் வண்டிச் சத்தம் கேட்டாத்தான் பயமா இருந்துச்சுங்க. எங்காளுங்க வேன் வந்துருச்சோன்னு."